பார்பாவின் ஜன்னலைத் தட்ட ஆளில்லை

பார்பா தியுவாலிடம் வாய் கொடுத்து மீண்டவர்கள் எங்கள் உவெஸ்ஸான் தீவில் மிகக் குறைவு. மேயர் தோற்றிருக்கிறார். பிரெஸ்ட் துறைமுகத்திலிருந்து வரும் தபால் படகின் தலைவர் தோற்றிருக்கிறார். பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குள் உட்கார்ந்தபடியே சாமியார்கூட ஒருமுறை தோற்றிருக்கிறார். பாவத்தைச் சொல்லப் போனவள், சொல்லி முடித்ததும் அது பாவமே இல்லை என்று வெகுநேரம் வாதாடி, கடைசியில் பரிகாரமாக ஒரு மரியே வாழ்க கூடச் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டாள். வெளியே வரிசையில் நின்ற பெண்களுக்குக் கால் கடுத்துப்போயிற்று.

ஆள் குள்ளம், தோள் மட்டும் அகலம். எங்கள் பெண்கள் எல்லோரையும்போலக் கழுத்தளவில் வெட்டிய முடி, கறுப்பு உடுப்பு, கையில் மண்வெட்டி. ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும் கடற்படையிலோ சரக்குக் கப்பலிலோ இருக்க, நிலத்தைக் கொத்துவதும் உருளைக்கிழங்கு போடுவதும் கடற்பாசி சுமப்பதும் இங்கே பெண்கள்தான். ஊரில் மிஞ்சுகிற ஆண் ஒன்று தொட்டிலில் கிடப்பான், இல்லையென்றால் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு வாயில் புகைக்குழாயோடு உட்கார்ந்திருப்பான். இதையெல்லாம் பார்த்து உச்சுக்கொட்டுவதற்கென்றே பிரெஸ்ட்டிலிருந்து சில சீமாட்டிகள் வருவார்கள். பார்பா அவர்களைப் பார்த்துச் சிரிப்பாள். "எங்க வீட்டுச் சாவி எங்க இடுப்புல இருக்கு. ஒங்க வீட்டுச் சாவி யாருகிட்ட இருக்கு?" என்று கேட்பாள். அவர்கள் அடுத்த படகைப் பிடித்துவிடுவார்கள்.

கல்யாணமாகிக் கொஞ்ச காலத்திலேயே அவள் கணவன் எர்வே, சிலி நாட்டுக்குப் போன பாய்க்கப்பலோடு மூழ்கிப்போனான். உடல் வரவில்லை. எங்கள் ஆட்களில் யாருக்குத்தான் உடல் வந்திருக்கிறது? அதனால்தான் புரோயெல்லா, அதாவது வீடு திரும்புதல், என்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். கடலில் போனவனுக்குப் பதிலாக விரல் நீளத்தில் மெழுகுச் சிலுவை ஒன்றைச் செய்து, மேசைமேல் வெள்ளைத் துணி விரித்து அதில் கிடத்துவோம். அதுதான் ஆள். விடியும்வரை ஊர்ப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து செபம் சொல்லுவார்கள். காலையில் சாமியார் வீட்டுக்கே வந்து, பிணத்தை எடுப்பதுபோலவே மணியடித்துப் பாட்டுப் பாடிக் கோயிலுக்குக் கொண்டுபோவார். பூசை முடிந்ததும் சிலுவை பீடத்துப் பக்கத்தில் இருக்கும் பெட்டிக்குள் போகும். பிஷப் வரும் வருடம், பெட்டியில் சேர்ந்த எல்லாச் சிலுவைகளும் கல்லறைத் தோட்டத்துக்குப் போகும். அதோடு அவன் ஊர் மண்ணில் அடங்கியவன். பெற்றவள் போய் நிற்க ஓர் இடம் உண்டு.

ஆனால் இது எதுவும் தானாகத் தொடங்காது. சாவுச் செய்தி மேயருக்கு வரும். அவர் அதை அந்த வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. செத்தவனுக்கு ஞானஸ்நானத்தில் தலைதொட்டு ஞானத்தகப்பனாக நின்றவர் யாரோ அவரைக் கூப்பிட்டுக் காதில் போடுவார். தலைதொட்டப்பன் இல்லையென்றால் குடும்பத்தில் மூத்த ஆண்பிள்ளை. அவர் விளக்கேற்றும் நேரம் பார்த்துப் போய், அந்த வீட்டு ஜன்னலை மூன்று முறை தட்டிச் சொல்ல வேண்டியதைச் சொல்லுவார். அதற்கு முன்னால் ஊருக்கே தெரிந்திருந்தாலும் ஒருவரும் மூச்சுவிட மாட்டார்கள். முந்திக்கொண்டு சொன்னால் செத்தவனை அவமதித்த கணக்கு.

எர்வேக்கு அவன் சித்தப்பா வந்து தட்டினார். பார்பா அழுதாள், விழித்திருந்தாள், சிலுவையின் பின்னால் நடந்தாள். மறுவாரம் கிழங்கு தோண்டப் போய்விட்டாள். அவளுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி அனுதாபப்பட வந்தவர்களிடமும் சண்டை போட்டாள்.

பிறகு ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் படகேறிப் பிரெஸ்ட்டுக்குப் போனாள். அங்கே கன்னியர் நடத்தும் அனாதை விடுதியில் பிள்ளைகளை வளர்க்கக் கொடுப்பார்கள். மடத்துச் சகோதரி நல்ல அடக்கமான பிள்ளைகளாகப் பொறுக்கி வரிசையில் நிறுத்தினார். பார்பா அந்த வரிசையைப் பார்க்கவே இல்லை. மூலையில் ஒருவன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டிருந்தான்.

"அவன் ஏன் அங்க நிக்கிறான்?"

"அவன் வேண்டாம்மா. காலைல என் கையைக் கடிச்சுட்டான்."

"எதுக்குக் கடிச்சான்?"

"அவன் ரொட்டியை இன்னொரு பையன் எடுத்துக்கிட்டான்னு சொல்றான்."

"எடுத்தானா இல்லையா?"

சகோதரி கடிபட்ட கையைத் தடவினார். "எடுத்தான்தான்."

"அப்ப எனக்கு இவனையே குடுங்க," என்றாள் பார்பா.

அவன்தான் கிளெமான். ஏப்ரல் மாதத்தில் விடுதி வாசலில் கிடைத்ததால் குடும்பப் பெயருக்குப் பதிலாக அந்த மாதத்தின் பெயரையே எழுதி வைத்திருந்தார்கள். கிளெமான் அவ்ரில். ஞானஸ்நானம் அங்கேயே ஆகியிருந்தது. தலைதொட்டவர் விடுதியின் வாயிற்காவலர். வந்த பிள்ளைக்கெல்லாம் அவரே தலைதொட்டு வைத்தார். யார் யாருக்கென்று அவருக்கே ஞாபகம் இருந்திருக்காது. படகில் வரும் வழியெல்லாம் பையன் வாந்தியெடுத்தான். "கடலுக்குப் போற ஆளு இல்ல இவன், பொழச்சேன்," என்று பார்பா எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தாள்.

ஊர் அவனைப் பிரெஸ்ட்டுப் பையன் என்றது. கெட்ட எண்ணத்தில் இல்லை. சின்னத் தீவு, எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு வழியில் சொந்தம், இவன் ஒருவன்தான் யாருக்கும் எதுவும் இல்லை. 'பார்பா வளர்க்கிற பிள்ளை' என்பார்கள், 'பார்பா வீட்டுப் பிரெஸ்ட்டான்' என்பார்கள். பார்பாவின் மகன் என்று மட்டும் யாரும் சொன்னதில்லை. அவனும் அவளைப் பார்பா என்றே கூப்பிட்டான், ஊரார் கூப்பிடுவதைக் கேட்டுப் பழகிய வாய். பக்கத்து வீட்டுப் பிலோமென் ஒருமுறை, "அம்மான்னு கூப்பிடப் பழக்கேன் அக்கா, கேக்க நல்லா இருக்குமில்ல," என்றாள். "கேட்டு வாங்கறதுக்கு அது என்ன உப்பா?" என்று பார்பா அவள் வாயை அடைத்துவிட்டாள். ஆனால் அன்று முழுக்க அவள் யாரோடும் பேசவில்லை என்பது பிலோமெனுக்குத் தெரியும்.

அவளுக்கு அவன்மேல் உயிர். இதை நீட்டி முழக்க வேண்டியதில்லை. அவன் காய்ச்சலில் கிடந்தபோது இடுப்பிலிருந்த சாவியைக் கழற்றி எங்கோ வைத்துவிட்டுத் தேடியவள் அவள். அந்தச் சாவியை அதற்கு முன்னும் பின்னும் அவள் கழற்றியதே இல்லை.

வாந்தியெடுத்த பையன் கடலுக்குத்தான் போனான். வேறெங்கே போவான்? எங்கள் பையன்களுக்குப் போகிற வழி அது ஒன்றுதான். போர் வந்ததும் கடற்படை அவனை எடுத்துக்கொண்டு, கண்ணிவெடி வாரும் படகில் போட்டது. மீன்பிடி விசைப்படகு ஒன்றுக்குச் சாம்பல் நிறம் அடித்து, முன்னால் ஒரு பீரங்கியைக் கட்டி, போர்க்கப்பல் என்று பெயர் சூட்டியிருந்தார்கள். போரின் மூன்றாம் வருடம் இலையுதிர்காலத்தில் விடுப்பில் வந்தான். பார்பா ஆட்டுக்கறியைச் சட்டியில் போட்டு, புல்மண்கட்டிகளை அடுக்கித் தீமூட்டிப் புகைய வேகவைத்தாள். அவன் சட்டியைத் துடைத்துச் சாப்பிட்டுவிட்டு வயிற்றைத் தடவிக்கொண்டான்.

"அடுத்த ஆட்டு நாளுக்கு நான் இங்க இருந்தா, அந்தப் பாவோல் கெழவனை நானே பாத்துக்கிறேன் பார்பா. நீ சும்மா ஒக்காந்து வேடிக்கை பாரு."

"நீ என்னடா பாக்குறது. ஒனக்கு அவரு அளவுக்குப் பொய் சொல்லத் தெரியுமா?"

"கடற்படையில சேந்து எவ்வளவு நாளாச்சு. கத்துக்கிட்டேன்."

ஆட்டு நாள் என்பது எங்களுக்குத் திருவிழாவும் நீதிமன்றமும் சேர்ந்தது. அறுப்பு முடிந்ததும் தீவிலுள்ள ஆடுகளையெல்லாம் அவிழ்த்துவிடுவோம். குளிர்காலம் முழுக்க அவை எங்கே வேண்டுமானாலும் மேயலாம். பிப்ரவரியில் ஊரே சேர்ந்து அவற்றை வளைத்துக் கல்பட்டிக்குள் ஓட்டி, அவரவர் ஆட்டை அவரவர் பிரித்துக்கொள்வோம். அடையாளம் காதுதான். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வெட்டு உண்டு. பார்பாவின் ஆட்டுக்கு வலது காதில் நுனி வெட்டு, இடது காதில் ஓட்டை. பாவோல் கோசானின் ஆட்டுக்கு வலது காதில் அதே நுனி வெட்டு, இடது காதில் ஓரப் பிளவு. முள்ளில் மாட்டி இடது காது கிழிந்த ஆடு அகப்பட்டால் போதும், இரண்டு பேருக்கும் அன்று முழுக்க வேலை இருக்கும்.

பாவோல் கோசான் கடற்படையில் மாலுமிகளின் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். முரட்டு உருவம், அதைவிட முரட்டுக் குரல். பார்பாவிடம் தோற்கிற ஆள் இல்லை, ஜெயிக்கிற ஆளும் இல்லை. வருடா வருடம் கிழிந்த காதைப் பிடித்துக்கொண்டு இருவரும் கத்துவதைக் கேட்கத் தீவின் அடுத்த முனையிலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள்.

அந்த வருடமும் கிழிந்த காது ஒன்று வந்தது. நல்ல கொழுத்த கிடாய். பார்பா கையை இடுப்பில் வைத்துத் தயாராகிவிட்டாள்.

"பாத்துக்கங்க பாவோல் அண்ணே. ஓட்டை இருந்து கிழிஞ்ச காது. குருடனுக்கும் தெரியும்."

பாவோல் கிடாயைப் பார்த்தார். காதைத் தொடக்கூட இல்லை. "ஒன்னோடதுதான். ஓட்டிக்கிட்டுப் போ," என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

பட்டியைச் சுற்றி நின்றவர்கள் யாரும் சிரிக்கவில்லை. பிலோமென் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்பா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள், ஒரு முகமும் அவளைப் பார்க்கவில்லை. கொஞ்ச நாளாகவே பாசி அள்ளும் இடத்தில் தனக்கு நல்ல பக்கத்தை விட்டுக்கொடுத்ததும், துவைக்கும் குளத்தில் தான் போனதும் பேச்சு நின்றதும் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பையன் கடலோடு போய்விட்டான். ஊருக்கெல்லாம் தெரியும். அவள் கிடாயின் கொம்பைப் பிடித்தாள், நிமிர்ந்து நடந்தாள், வீடு வந்து சேர்ந்தாள். கொட்டிலுக்குள் போய்க் கிடாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். பார்க்க ஆளில்லாத இடம் என்பதால் வாய்விட்டே அழுதாள்.

அழுது முடித்ததும் முகம் கழுவினாள். தட்ட வருவார்கள் என்று வீட்டைப் பெருக்கினாள். மேசையைத் தேய்த்துக் கழுவினாள். விளக்கேற்றும் நேரத்தில் ஜன்னல் கதவைத் திறந்து வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள். யாரும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அந்த வாரம் முழுக்க அவள் அப்படி உட்கார்ந்ததுதான் மிச்சம். பிறகுதான் விஷயம் புரிந்தது. யார் வருவார்கள்? அவனுக்குத் தலைதொட்டவர் பிரெஸ்ட்டில் வாயிற்காவலர். எர்வேயின் சித்தப்பா செத்து வருடங்களாகின்றன. அவளுக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. இந்தத் தீவில் அவள் ஜன்னலைத் தட்ட உரிமையுள்ள ஆண்பிள்ளை ஒருவன்கூட இல்லை. தட்டாமல் புரோயெல்லா இல்லை, புரோயெல்லா இல்லாமல் மண் இல்லை. கிளெமான் கடலிலேயே கிடப்பான். அவள் பிள்ளையைப் பறிகொடுத்தவளாகவும் இருக்க மாட்டாள், வளர்த்த பையனைப் பற்றித் தகவல் இல்லாதவளாகவே காலத்துக்கும் இருப்பாள்.

அதை நினைத்ததும் அவளுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் பார்பாவுக்குத் தெம்பும் வந்துவிடும். எழுந்து நேரே மேயர் வீட்டுக்குப் போனாள்.

மேயர் அவளைப் பார்த்ததும் குடித்துக்கொண்டிருந்த காபியை வைத்துவிட்டார்.

"ஒங்ககிட்ட எனக்குச் சொல்ல வேண்டியது ஏதாச்சும் இருக்கா மேயரய்யா?"

"எங்கிட்ட... எங்கிட்ட ஒண்ணும் இல்ல பார்பா."

"பொய் சொல்லாதீங்க. ஒங்க காது செவக்குது."

மேயர் எழுந்து போய் அறைக்கதவைச் சாத்திவிட்டு வந்தார். "நான் சொல்லக் கூடாதும்மா. ஒனக்குத் தெரியாததா? நான் ஒவ்வொரு வீடா ஏறி எறங்கிட்டேன். பெரியவங்க எல்லாரையும் கேட்டுப் பாத்துட்டேன். ஒருத்தரும் வர மாட்டேங்குறாங்க."

"ஏனாம்?"

"யாரு தட்டுறாங்களோ அவங்க குடும்பத்துச் சாவாயிடும்ல. சிலுவையைத் தூக்கணும், வருசா வருசம் ஆத்துமாக்கள் திருநாளுக்கு அவங்க வீட்டுப் பேரோட சேத்து வாசிக்கணும். அதுகூடப் பரவாயில்ல. எல்லா வீட்டுலயும் பையனுங்க கடல்ல இருக்கானுங்க பார்பா. சொந்தமில்லாத சாவுக்குக் கையை நீட்டினா, கடல் வழி தெரிஞ்சுக்கிட்டு நம்ம வீட்டுக்கும் வரும்னு பயப்படுறாங்க."

"நீங்களும் பயப்படுறீங்களா?"

"எனக்கும் ரெண்டு பேரு இருக்காங்களே," என்றார் மேயர்.

அவள் பதில் சொல்லாமல் எழுந்துவந்ததை மேயர் வெகுநாள் வரைக்கும் ஒரு அதிசயமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்து சாமியாரிடம் போனாள். சாமியார் நல்லவர். நிலப்பகுதியிலிருந்து வந்தவர், எங்கள் வழக்கங்கள் அவருக்குப் பாதிதான் பிடிபட்டிருந்தன. "நான் அவனுக்குப் பூசை வைக்கிறேன் பார்பா. ஆண்டவருக்கு ஜன்னலைத் தட்டுறதெல்லாம் தேவையில்லை. நீயே ஒரு சிலுவை செஞ்சு எடுத்துட்டு வா, நான் மந்திரிச்சுப் பெட்டிக்குள்ள வச்சிடறேன். யாரு கேக்கப் போறா?"

"சந்து வழியாப் பொட்டலம் கட்டி எடுத்துட்டு வரச் சொல்றீங்களா சாமி? அவன் என்ன திருட்டுப் பொருளா?"

"நான் அப்படிச் சொல்லலியே."

"ஆண்டவருக்குத் தேவையில்லதான். எனக்குத் தேவை. ஊரு வந்து ஒக்காரணும். பெரிய மணி அடிக்கணும். எல்லாரும் தெருவுல நின்னு தொப்பியைக் கழட்டணும். நான் பின்னால நடக்கணும்."

சாமியார் செபப் புத்தகத்தைத் திறந்துகொண்டார். இன்னொரு முறை தோற்க அவருக்கு மனமில்லை.

வீட்டுக்கு வந்து கிடாய்க்குத் தண்ணீர் வைக்கும்போதுதான் அதன் காதைச் சரியாகப் பார்த்தாள். கிழிசலை விரலால் சேர்த்துப் பார்த்தாள். ஓட்டை இல்லை. பிளவுதான். கிடாய் பாவோலுடையது. சந்தேகத்துக்கே இடமில்லை. இத்தனை வருடம் அவளோடு மல்லுக்கட்டிய மனிதர், தன்னுடையது என்று தெரிந்தே விட்டுக்கொடுத்திருக்கிறார். பார்பா கிடாயின் கழுத்தில் கயிற்றைப் போட்டாள்.

பாவோல் கோசான் வீட்டுச் சுவரோரம் உட்கார்ந்து நண்டுக்கூடை ஒன்றைச் சரிசெய்துகொண்டிருந்தார். கிடாயோடு பார்பா வருவதைப் பார்த்ததும் உள்ளே போகலாமா என்று யோசித்தவர், வயதான காரணத்தால் பிந்திவிட்டார்.

"அண்ணே, இது ஒங்க ஆடு."

"ஒன்னோடதுன்னு சொல்லியாச்சே."

"எர்வே செத்த வருசம் ஞாபகம் இருக்கா? நான் அழுத முகத்தோட பட்டிக்கு வந்தேன். அன்னைக்குக்கூட ஒரு குட்டிக்காகச் சாயங்காலம் வரைக்கும் எங்கூட மல்லுக்கு நின்ன ஆளு நீங்க."

"அது வேற."

"என்ன வேற?"

பாவோல் கூடையைக் கீழே வைத்தார். "அப்ப ஒனக்குச் சொல்லியாச்சு பார்பா. தெரிஞ்சவகூடச் சண்டை போடலாம். தெரியாதவகூட நான் எப்படிப் போடுறது?"

"எனக்குத் தெரியாதுன்னு யாரு சொன்னா?"

கிழவர் அப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க கிடாயை விட்டுக்கொடுத்தீங்களே, அந்த நிமிசமே தெரிஞ்சுபோச்சு. நீங்கதான் எனக்குச் சொன்னது. எந்த அழகுல சொன்னீங்க தெரியுமா? அத்தனை பேருக்கு முன்னால, முதுகைக் காட்டிக்கிட்டு, ஒரு ஆட்டை வச்சுச் சொன்னீங்க."

பாவோலின் முகம் தொங்கிப்போயிற்று. அவர் வாழ்நாளில் எத்தனையோ ஜன்னல்களைத் தட்டியவர், தன் தம்பிக்கு, தன் மருமகனுக்கு. எப்படித் தட்ட வேண்டும், எங்கே நிற்க வேண்டும், எப்போது தொப்பியைக் கழற்ற வேண்டும் என்றெல்லாம் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவர். அப்படிப்பட்டவர் தட்டாமல், தன்னையறியாமல், ஆட்டுப்பட்டியில் வைத்துச் சொல்லிவிட்டார். இந்தத் தீவில் அதைவிடப் பெரிய தப்பு கிடையாது.

"நான் ஒனக்கு நல்லது செய்யறதா நெனைச்சேன்," என்றார் மெதுவாக.

"தெரியும். அதான் கெட்டுப்போச்சு. இப்ப வந்து ஒழுங்காச் சொல்லுங்க. தொடங்கினவருதான் முடிக்கணும்."

"எங்க எவோவும் அதே மாதிரிப் படகுலதான் இருக்கான் பார்பா. எனக்கு இருக்கறது அவன் ஒருத்தன்."

எவோ அவருடைய கடைசி மகன். அவன் போர் முடிந்து இரண்டு விரல் குறைய வீடு வந்து சேர்ந்து, இன்றைக்கும் தபால் படகில் வேலை பார்க்கிறான் என்பதை இங்கேயே சொல்லிவிடலாம். ஆனால் அன்றைக்கு அது யாருக்குத் தெரியும்? பாவோல் பயந்தது உண்மை. பார்பாவும் அதைப் பார்த்தாள். அந்தப் பயத்தைப் பார்த்து அவள் சிரிக்கவில்லை, அவரைக் கோழை என்று திட்டவும் இல்லை. கொஞ்சம் குனிந்து அவர் பக்கத்தில் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"ஊரு கேட்டா, பார்பா கழுத்தைப் பிடிச்சுத் தள்ளினா, வேற வழியில்லன்னு சொல்லுங்க. கடல் கேட்டாலும் அதையே சொல்லுங்க. எங்கிட்ட வந்து கேக்கட்டும், நான் பேசிக்கிறேன்."

"நீ பேசுவ," என்றார் பாவோல்.

"எனக்கு வேற யாரு இருக்கா அண்ணே, போயி நிக்கறதுக்கு? சண்டை போட்டாலும் வருசம் தவறாமப் போட்டது நீங்க ஒருத்தருதான்."

அவர் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வர மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பார்பா கிடாயை அவர் வாசலிலேயே கட்டிவிட்டு வந்துவிட்டாள்.

வரும் வழியில் பிலோமெனிடம் மெழுகு வாங்கினாள். பிலோமென் எதற்கென்று கேட்கவில்லை. தேனடை உருக்கி எடுத்த நல்ல மெழுகாகப் பார்த்துக் கொடுத்துவிட்டு, கதவுக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டாள். பார்பா மெழுகை அடுப்பருகில் வைத்து இளக்கி, உள்ளங்கையில் உருட்டி, சிலுவையைச் செய்தாள். அதன் ஒரு கை கொஞ்சம் கட்டையாகப் போயிற்று. திரும்ப உருட்டிச் சரிசெய்தாள். வெள்ளைத் துணியை விரித்தாள். மெழுகுத்திரிகளை எடுத்து வைத்தாள், ஏற்றவில்லை. சிலுவையையும் துணியில் வைக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தாள். என்ன சொல்ல வேண்டும் என்றுகூட யோசித்து வைத்திருந்தாள். பாவோல் தட்டியதும் கதவைத் திறந்து, உள்ளே வாங்க அண்ணே, உட்காருங்க என்று மரியாதையாகச் சொல்ல வேண்டும். அழக்கூடாது. எர்வேக்கு அழுததுபோல அழுது வந்தவரைத் தவிக்கவிடக் கூடாது.

இருட்டத் தொடங்கியது. கலங்கரை விளக்கின் வெளிச்சம் ஒருமுறை சுற்றி ஜன்னலைத் தடவிவிட்டுப் போனது. சந்தில் மரச்செருப்புச் சத்தம் கேட்டது. கனமான கால். அவளுக்கு அந்த நடை தெரியும்.

முதல் தட்டு விழுந்தது.

பார்பா எழுந்து கதவருகே போனாள். தாழ்ப்பாளில் கை வைத்தாள். கை அங்கேயே நின்றுவிட்டது. அந்தக் கணத்தில் அவளுக்குப் புரிந்தது ஒன்று. இத்தனை நாள் தெரிந்து வைத்திருந்ததெல்லாம் தெரிந்ததே இல்லை. யாரும் சொல்லாதவரைக்கும் அவன் எங்கோ ஒரு படகில் சட்டியைத் துடைத்துச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தான். கதவைத் திறந்தால் அது முடிந்துபோகும். இரண்டாவது தட்டு விழுந்தது. மூன்றாவதும் விழுந்தது.

"போயிடுங்க அண்ணே," என்றாள் பார்பா கதவுக்கு உள்ளிருந்து. "வீடு மாறி வந்துட்டீங்க."

பாவோல் கதவுப் பக்கம் திரும்பினார்.

"நீதானே வரச் சொன்ன?"

"நான் யாரையும் வரச் சொல்லல."

பாவோல் போகவில்லை. எத்தனையோ ஜன்னல்களைத் தட்டியவருக்கு இதுவும் தெரியும். செருப்பைத் தரையில் தேய்த்து நின்றுகொண்டார். தொப்பியைக் கழற்றினார். மறுபடியும் முதலிலிருந்து தொடங்கி, ஒன்று, இரண்டு, மூன்று என்று ஜன்னலைத் தட்டினார்.

"பார்பா, இன்னைக்கு ஒன் வீட்டுல புரோயெல்லா. ஒன் மகன் கிளெமான் வீட்டுக்கு வந்திருக்கான்."

பாவோல் காத்திருந்தார்.

"இன்னொரு தடவை சொல்லுங்க," என்றாள் பார்பா.

"ஒன் மகன் கிளெமான் வீட்டுக்கு வந்திருக்கான்."

"எல்லாருக்கும் கேக்கட்டும். சத்தமாச் சொல்லுங்க."

புயலில் பாய்மரத்து உச்சிவரைக்கும் கேட்கக் கத்திப் பழகிய குரல் அது. பாவோல் கோசான் வெறுந்தலையோடு சந்தில் நின்று, தொண்டை கிழியக் கத்தினார். பார்பாவின் மகன் கிளெமான் வீட்டுக்கு வந்திருக்கான் என்று கத்தினார். பிலோமென் வீட்டுக் கதவு திறந்தது. அதற்கடுத்த வீட்டுக் கதவும் திறந்தது. செபமாலையும் கையுமாகப் பெண்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். பார்பா தாழ்ப்பாளை எடுத்து, அவர்கள் வருவதற்குக் கதவை அகலத் திறந்து வைத்தாள்.